மண்ணுட் கிடந்த காசும் மறைக்கப்பட்ட மன்னனும்

பண்டைக்கால வரலாற்றை அறிதற்குத் துணையாய் அமைவன நூல்களும் சாசனங்களும் மட்டுமல்ல. மக்களிடையே கைக்குக் கை மாறி வழங்கிய காசுகளும் அத்தகையனவே. நூல் எழுதுவோன் தன்னைப் புரக்கும் அரசனுக்கு இயைய எழுதுவான். சாசனம் பொறிப்போன் பணிக்கப்பட்டதையே பொறிப்பான். காசும் அரசன் ஆணையால் அடிக்கப்படுவதேயெனினும், அவன் கையை விட்டு நீங்கியபின் அவன் அறியாத இடத்திலும் அவன் எண்ணாத காலத்திலும் சாட்சி கூறும் இயல்புடையது. இடப உருவமும் ‘சேது’ என்னும் மொழியும் பொறித்த காசுகள் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் வரலாற்றுக்கு எத்துணைப் பயன்பட்டன என்பதை முதலியார் இராசநாயகம், சுவாமி ஞானப்பிரகாசர் ஆகியோரின் ஆராய்ச்சிகளைக் கற்றோர் நன்கறிவர்.

இங்கிலாந்திலே 2015 ஆம் ஆண்டில், சில மாத இடைவெளியில், இரு புதையல்கள் மண்ணினின்றும் வெளிப்பட்டன. இரண்டும் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இரண்டிலும் ஒரே வகையான அரிய காசுகள் இருந்தன. இரண்டும் உலோகங் கண்டறியுங் கருவியினாலே கண்டெடுக்கப்பட்டவை. அவற்றுள் ஒன்று, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாக இகழப்பட்டுவந்த ஓர் அரசனின் வரலாற்றைத் திருத்தி எழுதுதற்கு உதவிற்று. மற்றையது வாய் திறக்குமுன்னே சிதறடிக்கப்பட்டது. இவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்ததென அறிதற்கு, அக்கருவியின் வரலாற்றையும் அது தோற்றுவித்த வழக்கையும் முதலில் நோக்குதல் வேண்டும்.

இக்கருவி காசு தேடுதற்கென ஆக்கப்பட்டதன்று. 1881 இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்பீல்ட் சுடப்பட்டபோது, அவருடலிற் புதைந்த குண்டு இருக்குமிடத்தை அறிய, தொலைபேசியைக் கண்ட அலெக்சாந்தர் கிரகாம் பெல் மின்தூண்டற் கருவியொன்றை அமைத்து முயன்றார். அம்முயற்சி கைகூடவில்லை. 1930 களில் கெர்கார்ட் பிஷர் என்பார் கையிற் கொண்டு செல்லத்தக்க கருவியொன்றை ஆக்கி அமெரிக்காவில் உரிமைப் பத்திரம் பெற்றார். இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் போலந்து நாட்டுப் படையதிகாரி யோசெப் கொசாக்கி அமைத்த கண்ணிவெடி காணுங் கருவி, 1942 இல் எல் அலமெயின் போரிலே பயன்பட்டது. கருவியின் தத்துவம் எளிது. கம்பிச் சுருளொன்றில் மாறுமின்னோட்டம் பாயும்போது அதனைச் சூழக் காந்தப்புலம் உண்டாகின்றது. அப்புலம் மண்ணுட் கிடக்கும் உலோகத்திற் சிறு சுழலோட்டங்களை எழுப்ப, அவ்வோட்டங்கள் தாமும் ஒரு காந்தப்புலத்தைத் தோற்றுவிக்கும். அதனை மற்றொரு சுருள் உணர்ந்து ஒலியாக அறிவிக்கும். ஈழத்தின் வடபகுதி மக்களுக்கு இவ்வொலி புதிதன்று. 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னரும் 2009 இல் யுத்தம் முடிந்த பின்னரும், வயலிலும் வளவிலும் முழங்காலூன்றிக் கண்ணிவெடி அகற்றியோரின் கையிலே அவர்கள் கண்டது இக்கருவியின் இனத்தையே. அங்கே ஒலி எழுந்தால் அச்சம். இங்கிலாந்தின் வயல்களிலே ஒலி எழுந்தால் ஆசை.

சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் கருவியின் விலை குறைந்து எடையும் குறைந்தபோது, ஓய்வுநாட்களில் அதனைத் தோளில் மாட்டிக்கொண்டு உழுத வயல்களிலே உலாவுதல் அந்நாட்டிற் பல்லாயிரவரின் பொழுதுபோக்காயிற்று. தொல்பொருளாராய்ச்சியாளர் இதனை வெறுத்தனர். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் உத்தரவின்றி இக்கருவியைக் கையாளுதல் 1979 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குற்றமாக்கப்பட்டது. மறு ஆண்டிலே, இப்பொழுதுபோக்கைக் கண்டித்து ஆராய்ச்சியாளர் ஒரு பெரும் பிரசாரத்தையே தொடங்கினர். கருவியேந்தியோரும் வாளாவிருந்தாரல்லர். மண்ணிலே கிடந்து உரத்தாலும் கலப்பையாலும் அழிந்துபோகும் பொருள்களைத் தாமே காப்பதாக அவர்கள் வாதித்தனர். அவ்வாதத்தில் உண்மை சிறிதுமில்லையெனக் கூறிவிட முடியாது. எனினும் சரே மாகாணத்து வான்பரோ என்னுமிடத்தில் 1980 களில் நிகழ்ந்தது அவ்வாதத்திற்குப் பெரும் இழுக்காயிற்று. அங்கே உரோமர் காலக் கோயிலொன்று இருந்த நிலத்திற் காசுகள் உளவென்னுஞ் செய்தி பரவவே, இரவு தோறும் கருவிகளுடன் வந்தோர் நிலத்தைக் குடைந்து ஆயிரக்கணக்கான காசுகளை வாரிச் சென்றனர். ஆராய்ச்சியாளர் சென்றபோது எஞ்சியது குழிகள் நிறைந்த வயலே.

திருடியோரைத் தண்டித்தற்கும் அக்காலச் சட்டம் பெரிதும் உதவவில்லை. இங்கிலாந்தின் பழைய வழக்குச் சட்டப்படி, பொன்னும் வெள்ளியும், அவையும் மீள எடுக்கும் நோக்குடன் புதைக்கப்பட்டிருந்தால் மட்டுமே, முடிக்குரிய புதையலாகும். தெய்வத்துக்குக் காணிக்கையாக இட்டதை மீள எடுக்க எவன் எண்ணுவான்? ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குமுன் இறந்தவனுடைய உள்ளக் கருத்தை நீதிமன்றத்திலே நிலைநாட்டுமாறு சட்டம் கேட்டது. இதனை விசாரிப்பவரோ மரண விசாரணை அதிகாரி! பிணத்தை விசாரிப்பவருக்குப் புதையலோடு என்ன தொடர்பென வியப்புறலாம். 1194 இல் அப்பதவி ஏற்பட்டபோது அரசனுக்கு உரியவற்றைக் காத்தலே அவ்வதிகாரியின் கடமையாக இருந்தது. அக்கடமையின் எச்சமே இது.

இவ்வாறு இருதிறத்தாரும் பகைமை பாராட்டிய காலத்திலேதான், 1992 நவம்பர் 16 ஆம் நாள், சபொக் மாகாணத்து ஹொக்ஸன் என்னுங் கிராமத்தில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. கமக்காரர் ஒருவர் வயலிலே தமது சுத்தியலைத் தொலைத்துவிட்டார். அதனைத் தேடித்தருமாறு தம் நண்பரான எரிக் லோஸ் என்பாரை வேண்டினார். லோஸ் தோட்டவேலை செய்து ஓய்வுபெற்றவர், கருவியொன்று வைத்திருந்தவர். சுத்தியலைத் தேடியவருக்கு வெள்ளிக் கரண்டிகளும் பொற்காசுகளும் கிடைத்தன. சிலவற்றை எடுத்தபின், பெரும்புதையலொன்று கீழே இருப்பதை உணர்ந்து, தோண்டுவதை நிறுத்தி உரியோருக்கு அறிவித்தார். அவர் செய்த பேருதவி அந்நிறுத்தமே. மறுநாளே மாகாணத் தொல்பொருட் பகுதியினர் வந்து, ஒரு பகற் பொழுதில், ஒவ்வொன்றும் கிடந்த நிலையைக் குறித்துக்கொண்டு முழுவதையும் அகழ்ந்தெடுத்தனர். பொற்காசு 569, வெள்ளிக்காசு 14,272, வெண்கலக்காசு 24, இவற்றோடு பொன்னணிகளும் வெள்ளிக் கலங்களுமாக ஏறத்தாழ இருநூறு பொருள்கள் கிடைத்தன. உக்கிப்போன மரப்பெட்டியின் சுவடும் அதனுள் இருந்த சிறு பேழைகளின் வெள்ளிப் பூட்டுக்களுங்கூட அறியப்பட்டன. காசுகளுட் கடைசியானவை 407, 408 ஆம் ஆண்டுகளை அண்டியவை. அதாவது, உரோம ஆட்சி பிரித்தானியாவைக் கைவிட்ட காலத்துக்குரியவை. வெள்ளிக்காசுகளில் மிகப் பெரும்பாலானவை ஓரங் கத்தரிக்கப்பட்டிருந்தன. ஆனால் பேரரசனின் முகத்தை எவரும் வெட்டவில்லை. புதுக்காசு வராது போன நாட்டிலே, கத்தரித்த வெள்ளியைக்கொண்டு காசு பெருக்கியோரும் அரசன் முகத்துக்கு அஞ்சினர் போலும். புதையலுக்கு மதிப்பிடப்பட்ட பதினேழரை இலட்சம் பவுண் லோஸுக்குப் பரிசாக அளிக்கப்பட, அவர் அதனைக் கமக்காரருடன் பகிர்ந்துகொண்டார். தொலைந்த சுத்தியலும் அகப்பட்டது. அதுவும் இன்று பிரித்தானிய நூதனசாலையில் இருக்கின்றது.

அப்புதையலிலே வெள்ளியாலான மிளகுச் சிமிழ்கள் நான்கு இருந்தன. அவற்றுளொன்று செல்வச் சீமாட்டியொருத்தியின் உருவாக அமைந்தது. மிளகு இங்கிலாந்தில் விளைவதன்று. சேரர் மலைநாட்டிலிருந்து கடல்வழி உரோமருலகஞ் சென்றது. இலத்தீன் மொழியில் அதற்கு வழங்கிய ‘பிப்பர்’ என்னும் பெயரே பிப்பலி என்னும் இந்தியச் சொல்லின் திரிபு. அக்காலத்திலே, 408 இல், உரோம நகரை முற்றுகையிட்ட அலாரிக் என்னுங் கொதியர் தலைவன், முற்றுகையை நீக்குதற்குப் பொன்னோடும் வெள்ளியோடும் 3,000 இறாத்தல் மிளகுங் கேட்டானென்று சோசிமஸ் என்னும் வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். இந்நுகர்ச்சிக்கு ஈடாக உரோமக் காசுகள் கிழக்கு நோக்கி வந்தன. நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சிறு செப்புக்காசுகள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைத்துள்ளன. கந்தரோடையிலும் உரோமக் காசுகள் கண்டெடுக்கப்பட்டமையை 1917, 1919 ஆம் ஆண்டுகளில் போல் பீரிஸ் எடுத்துரைத்தார். ஆனால், நிலத்தின் மேற்பரப்பிற் பொறுக்கிய காசு, எப்படையில் எதனோடு கிடந்ததென்று கூறமாட்டாது. அதனால், அது எப்பொழுது இங்கு வந்ததென்னும் வினாவுக்கு அக்காசு அடிக்கப்பட்ட காலத்தைக்கொண்டு முழுவிடை பகரல் இயலாது. உரோமில் அடித்த காசு பன்னெடுங்காலங் கழித்தும் இங்கே வழங்கியிருக்கலாமன்றோ?

காசு கிடந்த நிலையிலேயே பொருளுண்டு என்பதற்கு புரூம் நகருக்கருகிலே 2010 இற் கிடைத்த புதையலினுஞ் சிறந்த சான்று காட்டுதலரிது. மருத்துவசாலையொன்றிற் சமையலாளராகப் பணிபுரிந்த ஒருவர், தம் கருவி காட்டிய இடத்தைத் தோண்ட, சிறு பானையொன்றின் வாயும் காசுகளும் வெளிப்பட்டன. அவரும் தோண்டுவதை நிறுத்தினார். தொல்பொருளாராய்ச்சியாளர் அலன் கிரகாம் என்பாரின் தலைமையில் மூன்று நாள் வேலை நடைபெற்றது. பானையை அப்படியே தூக்குதல் இயலாமையாற் காசுகளை அடுக்கடுக்காக எடுத்து, ஒவ்வோரடுக்கையும் வேறுவேறாகப் பொதிந்து வைத்தனர். எண்ணியபோது 52,503 காசுகள் இருந்தன; எடை 160 கிலோகிராம். பிரித்தானியாவிலே 286 முதல் 293 வரை தனியாட்சி செய்த கரோசியஸ் என்பவனுடைய காசுகள் எழுநூறுக்கு மேற்பட்டவை அதிலிருந்தன. இவை காலத்தாற் பிந்தியவை. ஆண்டுதோறும் சிறுகச் சிறுகச் சேமித்த பானையாயின், இவை மேலே கிடந்திருத்தல் வேண்டும். ஆனால் இவற்றிற் பெரும்பகுதி பானையின் நடுவுக்குக் கீழேயே கிடந்தது. மேலே கிடந்தவை பழையவை. ஆகவே பானை ஒரே காலத்தில் நிரப்பப்பட்டதென்பது பெறப்படும். பானையின் மெல்லிய சுவர் அப்பாரத்தைத் தாங்காதாகையால், முதலிற் பானையைப் புதைத்துப் பின்னரே காசுகளைச் சொரிந்திருத்தல் வேண்டும். சேமித்தவன் மீள எடுக்க வேண்டுமாயின் பானையை உடைத்தன்றி எடுத்தலரிது. இவற்றையெல்லாம் நோக்கிய ஆராய்ச்சியாளர், இஃது அஞ்சியொளித்த செல்வமன்று. ஓர் ஊரார் கூடித் தெய்வத்துக்கிட்ட காணிக்கையாகலாம் எனக் கருதினர். அவ்வொருவர் ஆவல்கொண்டு பானையைக் கவிழ்த்திருப்பாராயின், காசு ஒன்றேனும் குறைந்திராது. ஆயினும் இம்முடிபு எக்காலத்துங் கிடைத்திராது.

காணிக்கையாயின் பழைய சட்டப்படி இது புதையலாகாது. நல்வேளையாகச் சட்டம் மாறியிருந்தது. வான்பரோவில் நிகழ்ந்த கொள்ளையாற் பெரிதும் தூண்டப்பட்டு, 1996 இற் புதையற் சட்டம் இயற்றப்பெற்று அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொன், வெள்ளிக் காசுகள் ஓரிடத்தில் இரண்டு கிடைப்பினும், தாழ்ந்த உலோகக் காசுகள் பத்துக் கிடைப்பினும், புதைத்தவனின் கருத்து யாதாயினும், அவை புதையலே. பதினான்கு நாட்களுக்குள் அறிவித்தல் வேண்டும். நூதனசாலை கொள்ளுமாயின் விலை கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்குரியவருக்கும் பரிசாகக் கொடுக்கப்படும். தனித்துக் கிடைக்கும் சிறு பொருள்களைத் தாமாகவே அறிவிப்போருக்கென மாகாணந்தோறும் அலுவலரை நியமித்துப் பதிவுசெய்யுந் திட்டமும் 1997 இலே தொடங்கிற்று. இத்திட்டத்தின்கீழ் இதுவரை பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் பதியப்பெற்றுள்ளன. பகைவரை ஏவலாளராக்கிய இவ்வுபாயம் தண்டனையினும் மிகுந்த பயன் அளித்ததென்பதில் ஐயமில்லை.

இனி, தொடக்கத்திற் கூறிய அரசனிடம் வருவோம். ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் டேனியர் படை இங்கிலாந்தின் அரசுகளை ஒவ்வொன்றாக வீழ்த்தியது. நடுநாடாகிய மேர்சியாவின் அரசன் 874 இல் நாட்டை விட்டோட, செயோல்வுல்ப் என்பவன் அரசனானான். தெற்கே வெசெக்ஸ் நாட்டை அல்பிரெட் ஆண்டான். 878 இல் எடிங்டன் என்னுமிடத்தில் டேனியர் தலைவன் குத்ரமை வென்று, பின்னர் ‘பெரும் அல்பிரெட்’ எனப் போற்றப்பட்டவன் இவனே. செயோல்வுல்ப் 879 ஆம் ஆண்டளவில் வரலாற்றினின்றும் மறைந்தான். அவனுக்குப் பின் மேர்சியாவை ஆண்டவன் அல்பிரெட்டின் மேலாண்மையை ஏற்று அவன் மகளையும் மணந்தான்.

இக்காலத்தை அறிதற்குத் தலையாய நூல் ஆங்கிலோ சாக்சன் ஆண்டுக்குறிப்பு. அது தொகுக்கப்பட்டது அல்பிரெட்டின் காலத்தில், அவனுடைய சார்பில். அது செயோல்வுல்ப்பை அரசனாகவே மதியாது, அறிவற்ற ஓர் அரச சேவகனென்றும், டேனியருக்கு ஆணையும் பிணையுங் கொடுத்து அவர்கள் ஏவியவாறு இயங்கியவனென்றும் இழித்துரைக்கின்றது. ஆனால் 875 ஆம் ஆண்டைச் சேர்ந்த சாசனமொன்றில் அவன் மேர்சியரின் அரசனெனவே குறிக்கப்படுகின்றான். மேர்சிய ஆயர்கள் அதிற் சாட்சியாக நிற்கின்றனர். அல்பிரெட்டும் செயோல்வுல்ப்பும் ஒரே வகைக் காசுகளை அடித்தனர் என்பதனையும், வெள்ளி குன்றி இழிந்துபோன நாணயத்தை மீண்டும் நல்வெள்ளியாக்கிய சீர்திருத்தத்தில் இருநாடும் ஒன்றுபட்டன என்பதனையும் மார்க் பிளக்பர்ண் முதலிய நாணயவியலார் 1990 களிலேயே எடுத்துக்காட்டினர். அவர்களுக்குக் கிடைத்திராதது போதிய சான்றே. இருவரின் நட்பையுங் குறிப்பாற் புலப்படுத்துங் காசு வகையொன்றுண்டு. அதன் பின்புறத்தில் அரசர் இருவர் அருகருகே வீற்றிருக்க, மேலே சிறகு விரித்த தெய்வவுரு நிற்கும். பழைய உரோமப் பொற்காசொன்றைப் பார்த்துச் செய்யப்பட்ட இவ்வகைக்கு ‘இரு பேரரசர்’ காசென்று பெயர். 2015 க்கு முன் உலகிலே இவ்வகையில் அறியப்பட்டிருந்தவை இரண்டே. அல்பிரெட்டின் பெயரில் ஒன்று, செயோல்வுல்ப்பின் பெயரில் ஒன்று. இரண்டு காசைக் கொண்டு ஓர் உடன்படிக்கையை நிறுவுதல் எங்ஙனம்? ஏதோவொரு சடங்குக்கென அடித்த காசாகலாமென்று எண்ணுதற்கும் இடமிருந்தது.

2015 அக்டோபரில் ஒக்ஸ்போட் மாகாணத்து வாட்லிங்டன் ஊருக்கு அருகே ஜேம்ஸ் மாதர் என்பார் புதையலொன்றைக் கண்டார். சில காசுகளைக் கண்டதும் மண்ணை மூடிவிட்டு மாகாண அலுவலருக்குச் செய்தி விடுத்தார். அலுவலர் வந்து, காசுகளைத் தனித்தனி பிரியாமல், மண்கட்டியோடு முழுதாக வெட்டியெடுத்துச் சுற்றிக்கட்டிப் பிரித்தானிய நூதனசாலைக்கு அனுப்பினர். அங்கே ஆய்வுசாலையில் மண் அகற்றப்பட்டது. ஏறத்தாழ இருநூறு காசுகள், ஏழு அணிகள், பதினைந்து வெள்ளிப் பாளங்கள் அதிலிருந்தன. இரு பேரரசர் காசுகள் மட்டும் பத்துக்கு மேற்பட்டவை. அக்காசு சடங்குக்குரியதன்று, மக்கள் வழக்கத்துக்கென இருநாட்டிலும் அடிக்கப்பட்டதே என்பது இதனாற் றெளிவாயிற்று. டேனியரின் ஏவலாளனாகக் காட்டப்பட்டவன், டேனியரை எதிர்த்த அல்பிரெட்டோடு ஒருநிகராய் அமர்ந்து நாணயம் வெளியிட்டவன். ஆண்டுக்குறிப்பை எழுதியோர் இதனை அறியாதிருக்க முடியாது. மேர்சியாவும் தம் அரசனின் கீழ் வந்துவிட்ட பின், அவன் ஒருகாலத்து நிகரானவனைக் குறிப்பிடுதல் அவர்களுக்கு உகந்ததாக இருந்திராது. அஷ்மோலியன் நூதனசாலை 2017 இற் பதின்மூன்றரை இலட்சம் பவுண் திரட்டி அப்புதையலைப் பெற்றுக்கொண்டது.

ஆயின், இதற்கு நான்கு மாதங்களுக்குமுன், அதே ஆண்டு யூன் மாதத்தில், ஹெரபோட் மாகாணத்து லெம்ஸ்ரர் நகருக்கருகே இருவர் கருவிகொண்டு வேறொரு புதையலைக் கண்டிருந்தனர். பாம்புத்தலையோ விலங்குத்தலையோ எனத்தக்க முகங்கொண்ட பொற்காப்பு, பொன் மோதிரம், பொற்சட்டமிட்ட பளிங்குமணி, வெள்ளிப் பாளம், இவற்றோடு காசுகளும் அதிலிருந்தன. அவர்கள் எவருக்கும் அறிவித்தாரல்லர். காசுகளை வணிகர்பாற் கொண்டுசென்றனர். செய்தி கசிந்து நூதனசாலைவரை எட்டியபின் அணிகள் ஒப்படைக்கப்பட்டன. சட்டப்படி அறிவித்திருப்பாராயின் பெருந்தொகை அவர்களுக்கே நேர்வழியிற் கிடைத்திருக்கக்கூடும். 2019 இல் இருவருஞ் சிறைத்தண்டனை பெற்றனர். அப்போது மீட்கப்பட்டிருந்த காசுகள் 31. அவற்றுள்ளும் அல்பிரெட், செயோல்வுல்ப் இருவர் பெயரிலுமான இரு பேரரசர் காசுகள் இருந்தன. அப்புதையலைச் சேர்ந்தனவெனக் கருதப்பட்ட 44 காசுகளை விற்க முயன்ற வேறிருவர் 2023 இலே தண்டிக்கப்பட்டனர்.

லெம்ஸ்ரர் புதையல் மேர்சியாவின் எல்லையிற் கிடந்தது. அதாவது செயோல்வுல்ப்பின் சொந்த நாட்டிற் கிடந்தது. வாட்லிங்டன் புதையலோ இருநாட்டுக்கும் இடைப்பட்ட பகுதிக்குரியது. இரண்டையும் ஒருங்கே வைத்து, எவ்வரசனின் காசு எங்கே எவ்வளவு வழங்கிற்று, எவ்வச்சாளர் எவ்வரசனுக்காகப் பணிபுரிந்தார், டேனியர் படை எவ்வழியே எதனைச் சுமந்து சென்றது என்றெல்லாம் ஒப்புநோக்கியிருக்கலாம். ஒருவர் பையிற் சில, வேறொருவர் பெட்டியிற் சில எனப் பிரிந்துபோன காசுகளை மீண்டும் ஒரு குவையாகச் சேர்த்தாலும், அவை மண்ணிற் கிடந்த வரிசையைச் சேர்க்க முடியாது.

கைதானவர்களுடைய கைத்தொலைபேசியினின்றும் அழிக்கப்பட்டிருந்த சில புகைப்படங்களைப் பொலிசார் மீட்டனர். புதிதாகத் தோண்டிய மண்ணிலே அணிகளுங் காசுகளும் ஒன்றாகக் கிடப்பதை அப்படங்களிற் காணலாம். அவற்றை நோக்கியே, புதையலில் ஏறத்தாழ முந்நூறு காசுகள் இருந்தனவென்று அறிஞர் கணக்கிட்டனர்.